ண்கள்

'ம்' கொட்டிக் கேட்கிறவர்களுக்கு இந்தக் கதை வேகமாகப் போகும், கொட்டாதவர்களுக்கு மெதுவாகப் போகும், எப்படிப் போனாலும் போய்ச் சேருகிற இடம் மஞ்சணத்திக்குளம் பேருந்து நிலையத்துக் கழிப்பறைதான் என்பதால், மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள் இப்போதே பிடித்துக்கொள்ளலாம்.

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐந்தே முக்கால் பஸ் வந்து நின்றபோது, கழிப்பறையின் இடப்பக்கச் சுவரில் 'ஆண்கள்' என்று இருந்ததில் ஆ-வைக் காணோம், வலப்பக்கச் சுவரில் 'பெண்கள்' என்று இருந்ததில் பெ-யைக் காணோம், இந்தப் பக்கம் ஒரு 'ண்கள்', அந்தப் பக்கம் ஒரு 'ண்கள்' என்று இரண்டு மட்டும் தலையில்லாமல் நின்றுகொண்டிருந்தன. யாரும் சுரண்டிய தடம் இல்லை. எழுத்து இருந்த இடம், படுத்திருந்தவர் எழுந்துபோன பாயைப் போலக் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் இருபத்திரண்டு வருஷமாக இடப்பக்கம் போய்வருகிற ஆண்கள், இருபத்திரண்டு வருஷமாக வலப்பக்கம் போய்வருகிற பெண்கள், கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசனையை வைத்தே சரியான பக்கம் போய்ச் சேரக்கூடியவர்கள். ஆனாலும் எழுத்து இல்லை என்றதும் ஒருத்தர் காலும் நகரவில்லை. இடது காலில் கொஞ்ச நேரம், வலது காலில் கொஞ்ச நேரம் நின்று, "நீரு மூத்தவரு, நீரு முதல்ல போம்வே" என்று ஒருவரும், "மூத்தவன்னு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்று இன்னொருவரும் மரியாதை செய்துகொண்டே இருந்ததில், பஸ் நாற்பது நிமிஷம் தாமதமாகத்தான் கிளம்பியது, கிளம்பும்போதும் யார் முகத்திலும் நிம்மதி இல்லை.

எழுதினவரையே கேட்போம் என்று பெயின்டர் ஞானதுரையைக் கூட்டிவந்தார்கள். அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் அதிசயப்படாமல் சொன்னார்.

"அது ஒட்டாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். 'ண்கள்' ரெண்டு பக்கத்துக்கும் பொதுலா? தகரத்துல ஒரு தடவ வெட்டி ரெண்டு சுவத்துலயும் வச்சு அடிச்சிட்டேன். முன்னால உள்ள எழுத்தை மட்டும் மறுநாள் வந்து கையால போட்டேன். அது ரெண்டும் தனியாக் காஞ்சது. தனியாக் காஞ்சது எத்தனை நாளைக்குக் கூட்டத்தோட நிக்கும்?"

திரும்ப ஆ போட்டார், பெயின்ட் கரைந்து மோர் மாதிரி வழிந்து ஓடியது. பெ போட்டார், அதுவும் ஓடியது. மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் தரைதான் நீலமானது.

காணாமல் போன எழுத்துகள் பத்து மணிக்கெல்லாம் கிடைத்துவிட்டன. ஆ தெருக்குழாயின் மேல் உட்கார்ந்திருந்தது. பெ, சங்கரலிங்கம் டீக்கடை பெஞ்சில், நட்டநடுவே ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர் கூடி நின்று பார்த்தது. பிய்த்தால் வரவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போகவில்லை. சரி, எழுத்து சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது என்று, அன்று குழாயடி ஆண்களுக்கும் டீக்கடை பெஞ்சு பெண்களுக்கும் போய்விட்டது. ஆண்கள் குடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. தோளில் வைத்துப் பார்த்தார்கள், சட்டை நனைந்தது. வரிசையில் யார் முந்தி என்று இரண்டு பேருக்குக் கைகலப்பாகி ஒரு பிளாஸ்டிக் குடம் உடைந்தது. பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"ஏ சங்கரலிங்கம், இந்தக் கழனித்தண்ணிக்காகவாடே எங்க வீட்டு ஆளுக நாள் முழுக்க இங்க கிடக்காவ?"

மறுநாள் எழுத்துகள் இடம் மாறின, அதற்கு மறுநாளும் மாறின. ஆ ஒரு நாள் தையல் மெஷின் மேல் இருந்தது, ஒரு நாள் துடைப்பத்தில் இருந்தது, ஒரு நாள் பால்காரர் வீட்டுப் பசுவின் நெற்றியில் போய் உட்கார்ந்தது. பெ ஒரு நாள் புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் இருந்தது, ஒரு நாள் சீட்டுக்கட்டில் இருந்தது, ஒரு நாள் சாமியாடியின் அரிவாளில் இருந்தது. காலையில் எழுந்ததும் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற ஊர், "இன்னைக்கு ஆ எங்கவே? பெ எங்க?" என்று கேட்டுவிட்டுப் பல் தேய்க்கிற ஊராக மாறிப்போனது.

கழிப்பறைக்கும் ஒரு வழி பிறந்தது. வெளியே நின்று, "உள்ள யாரு?" என்று கேட்க வேண்டும். "நான்தான், கனகாம்புஜம் டீச்சர்" என்று குரல் வரும். "சரி டீச்சர், நான் சங்கரலிங்கம், அந்தப் பக்கம் போயிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒருவரையொருவர் பெயர் தெரியாமல் பஸ் ஏறியவர்களுக்கெல்லாம் அந்த ஆனி மாதத்தில்தான் பெயர் தெரிந்தது.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆடி பாதி போனதும் எழுத்துகள் ஆவுடை பக்கம் திரும்பின, வேடிக்கை நின்றது.

ஆவுடை மினிபஸ் ஓட்டுகிறவள். அவள் அப்பா ஓட்டிய பஸ். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்ட பிறகு, தாய்மாமன் கொம்பையா வீட்டில் வளர்ந்து, பதினெட்டு வயதில் காக்கிச்சட்டை போட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தவள், மலையடிவாரத்துக் கொண்டைஊசி வளைவில் எதிரே லாரி வந்தாலும் ஹாரனை அடிக்காமல் ஒரு பார்வையிலேயே லாரியைப் பின்னால் போகவைக்கிறவள். அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை பெத்தபெருமாள், பேருந்து நிலையத்தில் பூக்கடை வைத்திருப்பவன். சாமிக்குப் போடுகிற ஆள் உயர மாலை கட்டுவது அந்த ஊரில் ஆண் வேலை, தலையில் வைக்கிற பிச்சிச்சரம் தொடுப்பது பெண் வேலை. பெத்தபெருமாளின் விரல்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையோ என்னவோ, இரண்டையும் ஒரே நாரில், ஒரே வேகத்தில், குனிந்த தலை நிமிராமல் கட்டின. ஆவுடை தினமும் ஏழு மணி டிரிப்புக்கு முன்னால் வந்து நிற்பாள், அவன் ஒன்றும் பேசாமல் ஒரு முழம் கிள்ளிக் கொடுப்பான், அவள் அதைக் கண்ணாடியில் பாதியும் காதோரம் பாதியுமாக வைத்துக்கொண்டு கியரைப் போடுவாள். அப்படித்தான் அது நிச்சயதார்த்தம்வரைக்கும் போனது.

ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, ஆ வந்து ஆவுடையின் காக்கிச்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பெ வந்து பெத்தபெருமாளின் இடது தோளில் ஏறிக்கொண்டது. மறுநாள் போய்விடும் என்று பார்த்தார்கள், போகவில்லை. சட்டையை மாற்றினாள், புதுச் சட்டைக்கு வந்தது. அவன் சட்டையைக் கழற்றினான், தோலில் இருந்தது. ஒரு வாரமாயிற்று, இரண்டும் வாடகைக்கு வீடு பிடித்தது போல அங்கேயே இருந்தன.

கொம்பையா ஒரு தவசுப்பிள்ளை, அதாவது கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். அறுநூறு பேருக்குச் சொதிக்குழம்பு வைத்து, கடைசிப் பந்திக்கும் தேங்காய்ப்பால் திரியாமல் காப்பாற்றுகிற கை அவருடையது. அந்தக் கை சொந்த வீட்டில் ஒரு நாளும் அடுப்புப் பற்றவைத்ததில்லை. கல்யாண வீட்டு அடுப்பு ஆம்பிளை அடுப்பு, வீட்டு அடுப்பு பொம்பளை அடுப்பு என்று அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லாமல் தெரியும். ஆவுடை பஸ் ஓட்டுவதைப் பற்றிப் பத்து வருஷமாக, "எங்க வீட்டு ஆம்பிளப்பிள்ள அவதாம்வே" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவர்தான். வாயால் சொன்னபோது பெருமையாக இருந்த ஒன்று எழுத்தாக வந்து முதுகில் உட்கார்ந்ததும் அவர் அதைச் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சங்கரலிங்கம் கேட்டுக்கொண்டே டீயை ஆற்றினான்.

"என்ன அண்ணாச்சி, கல்யாணத்துல யாரு யாருக்குத் தாலி கட்டுதா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சவத்து எழுத்து! ஆம்பிளைக்கு உள்ளது போயி பொட்டப்பிள்ள முதுகுல உக்காந்தா என்னவே அர்த்தம்?"

"கோவப்படாதிங்க அண்ணாச்சி," என்றாள், தபால் போட வந்த கனகாம்புஜம் டீச்சர். "ஆ-ன்னா பழந்தமிழ்ல பசு. அது ஆம்பிளைக்கு மட்டும்னு யாரு எழுதிக் கொடுத்தா?"

"அப்ப பெ?"

"பெ-க்கு முன்னால ஒத்தக்கொம்பு இருக்கு பாருங்க. கொம்பு உள்ளது பெ-தான். ஆ-வுக்கு வெறும் சுழிதான்."

"கொம்பு பெ-க்கா?" என்று கொம்பையா தன் பெயரையே யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல் பார்த்தார்.

"மாமா," என்று பஸ்ஸிலிருந்தே எட்டிப் பார்த்துச் சத்தம்போட்டாள் ஆவுடை. "எம்பேரு என்ன? ஆவுடை. அவரு பேரு என்ன? பெத்தபெருமாள். வீட்டு நம்பரைப் பாத்து வந்த தபால் மாதிரி அது பேரைப் பாத்து வந்திருக்கு. இதுக்குப் போயி ஏன் கோட்டிபிடிச்ச மாதிரி அலையுதிய?"

"நீ பேசாதட்டி! மாப்பிள்ளை பேரை ரோட்டுல நின்னு கூவுதா பாரு!"

அவர் எழுந்து நின்றார், வேட்டியை மடித்துக் கட்டினார், கல்யாண வீட்டில் சாதம் பதம் சொல்கிற அதே குரலில், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ஆவணி ஆறாம் தேதி முகூர்த்தம். அதுக்கு முன்னால அந்தக் கக்கூஸ் சுவத்துல, ரெண்டு பக்கமும், எழுத்து குறையில்லாம, வார்த்தை முழுசா நிக்கணும். நின்னுதுன்னா நானே வெத்தலைத் தட்டு ஏந்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போறேன். நிக்கலைன்னா பந்தக்கால் கிடையாது. கழுகுமலையில ஒரு பையன் இருக்கான், மீசையை முறுக்கி ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிறுத்துவான். பஸ்ஸை வித்துட்டு வரணும்னு மட்டும்தான் அவன் கேக்கான்."

ஆவுடைக்கு அந்த மாமனை எதிர்த்துத் தாலி கட்டிக்கொள்கிற தைரியம் இல்லாமலில்லை. ஆனால் அம்மா செத்த அன்று தன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மயானத்துக்கும் வீட்டுக்கும் நடந்த மனுஷனை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளுகிற மனம் இல்லை.

ஊர் தன்னாலானதைச் செய்தது. ஒரு எழுத்தைக் காட்டி இன்னொரு எழுத்தை இழுக்கலாம் என்று தமிழ்ப் பாடப்புத்தகத்தைச் சுவரோரம் விரித்து வைத்தார்கள். அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். ஆவுடையின் முதுகைச் சுவரோடு சேர்த்து வைத்து, "எறங்கு தாயி, எறங்கு" என்று கெஞ்சினார்கள். ஆ இறங்கிவிட்டால் அதைத் தாயி என்பதா அய்யா என்பதா என்று நடுவில் ஒரு சண்டை வந்து, கெஞ்சல் அதோடு நின்றது.

ஆடி முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம், டிரிப் இல்லாத நேரம், ஆவுடை கழிப்பறைக்கு எதிரே பஸ்ஸை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு அந்த இரண்டு ண்கள்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கதவைத் திறந்து குதித்தாள்.

"ஞானதுரை அண்ணாச்சி! ஆ-வும் பெ-யும்தான ஒட்டாது? வேற எழுத்து ஒட்டுமா?"

"வேற எழுத்து எதுக்குட்டி?"

"ஒட்டுமா ஒட்டாதா?"

அவர் ஒரு ஓரத்தில் சின்னதாகத் 'த' என்று போட்டுப் பார்த்தார். கல் மாதிரி நின்றது.

"மாமா என்ன சொன்னாரு? 'ஆண்கள்' 'பெண்கள்'னு சொன்னாரா? வார்த்தை முழுசா நிக்கணும்னாரு. டீச்சரைக் கூப்பிடுங்க. ண்கள்ல முடியற வார்த்தை எல்லாம் எனக்கு வேணும்."

டீச்சர் வந்தாள், சங்கரலிங்கம் டீச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தான், பெத்தபெருமாளும் மடியில் நாரும் கூடையில் பிச்சியுமாகக் கட்டிக்கொண்டே வந்து படியில் உட்கார்ந்தான்.

"பண்கள்," என்றாள் டீச்சர். "அந்தக் காலத்து ராகம். அருமையான சொல்லு."

"கக்கூஸ்ல எவன் டீச்சர் ராகம் பாடுதான்?" என்றார் ஞானதுரை.

"பாடத்தான செய்யுதான்," என்றான் சங்கரலிங்கம். "தாழ்ப்பா இல்லைலா. ஆள் இருக்குன்னு தெரிய வேண்டாமா?"

"மண்கள்?"

"மண்ணுக்கு 'கள்' வராது."

"புண்கள்."

எல்லாரும் கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தைப் பார்த்தார்கள். "உள்ளதைச் சொன்னா அதுதான் பொருத்தம்," என்றார் ஞானதுரை. "ஆனா கல்யாணக் காரியம்."

"எண்கள்!" என்று துள்ளினான் சங்கரலிங்கம். "உள்ள போறவன் ஒண்ணுக்குப் போறான், இல்ல ரெண்டுக்குப் போறான். எண்கள்தானவே!"

டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்று குலுங்கினாள். ஆவுடை மட்டும் சிரிக்கவில்லை. "என் கல்யாணப் பேச்சை ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் கொண்டுபோயி விட்டுராதிய அண்ணாச்சி" என்றாள், சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது, பத்து வருஷமாக லாரிகளைப் பின்னால் போகவைத்த கண்.

பெத்தபெருமாள் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். பூவைக் கட்டுகிற கை நிற்கவில்லை.

"க போடுங்க," என்றான் மெதுவாக. "ரெண்டு பக்கமும் க."

கொம்பையா சாயங்காலம் வந்தார். தகவல் சொல்லி ஊரே கூட்டிக்கொண்டு வந்தது. இடப்பக்கச் சுவரில் 'கண்கள்'. வலப்பக்கச் சுவரில் 'கண்கள்'. அவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார், ஒரு புள்ளியாவது விட்டுப்போயிருக்காதா என்று தேடினார், மெய்யெழுத்து இரண்டுக்கும் புள்ளி இருந்தது.

"நான் சொன்னது இது இல்ல."

"நீங்க சொன்னதை டீக்கடை முழுக்கக் கேட்டுது மாமா. எழுத்து குறையில்லாம, வார்த்தை முழுசா. குறை இருந்தாச் சொல்லுங்க."

"இலக்கணப்படி சுத்தம் அண்ணாச்சி," என்றாள் டீச்சர்.

கொம்பையா சுவரைப் பார்த்தார், ஆவுடையைப் பார்த்தார், அவள் முதுகில் இருந்த ஆ-வைப் பார்த்தார். செத்துப்போன தன் தங்கச்சியும் ஏதாவது வேண்டுமென்றால் இப்படித்தான், சொன்ன வார்த்தையைத் திருப்பிப் போட்டு வாங்கிக்கொள்வாள் என்பது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மீசைக்குக் கீழே உதடு கோணியது. அறுநூறு பேருக்கு வெங்காயம் உரிக்கிற இடத்தில்கூட ஒரு சொட்டு விடாத மனுஷன், நட்ட நடுப் பேருந்து நிலையத்தில், இரண்டு பக்கமும் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"தட்டை எடுத்துட்டு வாரேன்," என்றது துண்டு.

ஆவணி ஆறாம் தேதி கல்யாணம் நடந்தது. மாமன் சமையல். தாலி கட்டி முடிந்ததும் பெ, மாப்பிள்ளையின் தோளிலிருந்து இறங்கி, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஊர்ந்துபோய், கொம்பையா சொதி கிண்டிக்கொண்டிருந்த பெரிய கரண்டியின் காம்பில் ஏறிக்கொண்டது. அவர் பார்த்தார். கையாட்கள் பார்த்தார்கள். துண்டால் ஒரு தடவை துடைத்தார், போகவில்லை. சொதி பொங்கிக்கொண்டு வந்தது. எழுத்துக்காகத் தேங்காய்ப்பாலைத் திரியவிட முடியுமா என்று அப்படியே கிண்டினார். அன்றைக்கு வைத்த சொதி மாதிரி அதற்கு முன்னும் பின்னும் இல்லை என்று ஊர் சொல்லுகிறது. மறுநாள் காலையில், ஆவுடை இல்லாத வீட்டில், அவர் முதன்முதலாகத் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நாலு தீக்குச்சி வீணானது.

ஆ-வும் பெ-யும் அதற்கப்புறம் ஊரில் எங்கும் தட்டுப்படவில்லை, சுவரில் கண்கள் அப்படியே இருந்தன. வெளியூர்க்காரர்கள் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், இடது கண்ணில் புரை என்று, இடப்பக்கம் வரிசையில் நின்று, முறை வந்ததும் உள்ளே போய், வெளியே வந்து, "டாக்டர் இல்லை, ஆனா மத்தபடி திருப்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணமான மறு வருஷம் ஐப்பசியில், ஒரு காலை நேரம், ஆவுடைக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெத்தபெருமாள் அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை, அதனால் துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து வராந்தாவில் இருந்த கொம்பையாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அரைமணி நேரமாக ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் போனுமாக அவர் ஊரையே எழுப்பிக்கொண்டிருந்தபோது, பதிவேடு எழுதுகிற பெண் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவள், அவளுக்கு மஞ்சணத்திக்குளத்துக் கதை எதுவும் தெரியாது.

"ஆ-வா, பெ-யா? ஒண்ணை அடிக்கணும் அய்யா."

கொம்பையா படிவத்தை எட்டிப் பார்த்தார். 'ஆ / பெ' என்று அருகருகே அச்சடித்திருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இங்க வந்துட்டா ரெண்டும்? ஒண்ணையும் அடிக்காத தாயி. ஆ, அம்மை ஆவுடை. பெ, அப்பன் பெத்தபெருமாள். பிள்ளைக்கு ரெண்டும் இன்ஷியல்."

"நான் இன்ஷியலைக் கேக்கலை அய்யா. பிறந்தது ஆணா, பெண்ணா?"

கொம்பையா பிள்ளையைப் பார்த்தார், அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. போனைப் பார்த்தார். அதுவரை நாற்பது பேரிடம் பேசியிருந்தார், எடை சொல்லியிருந்தார், மூக்கு தங்கச்சி மூக்கு என்று சொல்லியிருந்தார், பெயர் பார்க்க ஜோசியரிடம் ஆள் அனுப்பியிருந்தார்.

"தாயி," என்றார் போன் முனையால் தலையைச் சொறிந்துகொண்டே, "கண்ணு ரெண்டையும் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். அதைப் பாக்க மறந்துட்டேனே."